மண்ணெண்ணெய் குடித்த ஸ்போர்ட்ஸ் கார்

ஏ நைன் வீதியில் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பச்சைக் காரைத் தெரிந்திருக்கும். கூரை கிடையாது. இரண்டு பேருக்கு மேல் இடம் கிடையாது. முன்பக்கம் நீளம், பின்பக்கம் கட்டை. அதற்குள் யப்பான் எஞ்சின் இருக்கிறது என்று ஒரு கதை ஊரில் உலாவுகிறது. போன கிழமை புளியங்குளத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார். அவருடைய மச்சான் கண்ணால் கண்டவராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையை விட்ட மனிசன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. வாயை மூடலாம், எழுதாமல் இருக்க முடியாது. அந்த எஞ்சினைப் பிரித்ததில் என் கையும் உண்டு, பூட்டியதில் என் கையும் உண்டு.

நான் முல்லைத்தீவுக் கரையோரத்தவன். அப்பா கடலுக்குப் போனார். நானும் போயிருக்க வேண்டியவன்தான். படகில் ஏறினால் வாந்தி, இறங்கினால் வெட்கம். ஆகவே கரையில் நின்று படகு எஞ்சின் திருத்தப் பழகினேன். பிறகு வெல்டிங், பிறகு லேத், பிறகு இடப்பெயர்வு, பிறகு வேறோர் ஊரில் வேறொரு லேத். இப்படி அலைந்து முடிந்து ஓமந்தையில் சுப்பையா பாஸின் கராஜில் வந்து சேர்ந்தேன். என் உழைப்புக் காலத்தின் நல்ல பகுதி முழுவதும் அங்கேதான் கழிந்தது.

எங்கள் பக்கத்தில் தலைமை மெக்கானிக்கை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். சுப்பையா பாஸ் மலையகத்தவர். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் எஞ்சின் அறையில் தொழில் பழகியவர். கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு வந்து காணி வெட்டி, மிளகாய் வைத்து, பிறகு திரும்பவும் எஞ்சினுக்கே வந்தார். இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. பத்து வயதுப் பொடியனுக்கும் ‘ங்க’ போட்டுத்தான் கதைப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த எஞ்சின் வந்தாலும் முதலில் அதைத் தொடமாட்டார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து, வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பார். என்ன குடித்தது? எங்கே படுத்தது? இடையில் யார் திறந்தார்கள்? புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது, மறைக்கவில்லை. ஒருமுறை ஓர் உழவு மெஷின் வந்தது. பிஸ்டன் ரிங்ஸ் தேயத் தேய மாற்றிக் களைத்துப் போயிருந்தார்கள். பிஸ்டன் பிழை என்றார் ஒருவர், ஒயில் பிழை என்றார் இன்னொருவர். பாஸ் தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டு, ராத்திரியில் மெஷின் எங்கே நிற்கும் என்று கேட்டார். ஆலைக்குப் பின்னால், உமி கொட்டுகிற இடத்தில் என்றார்கள். எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டுகிற பெட்டியைத் திறந்து பார்த்தோம். கோழிக்குப் படுக்கை போடுமளவுக்கு உமித்தூள் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்விகளையும் நான் ஒருநாளும் பகிடி பண்ணியதில்லை.

அளவெடுப்பதிலும் அவருக்கென்று ஒழுங்கு இருந்தது. வெயிலில் நின்ற எஞ்சினை அன்றே அளக்கமாட்டார். எஞ்சினும் அளவுகோலும் ஒரே நிழலில், ஒரு இரவு பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் மைக்ரோமீற்றரை எடுப்பார். கைச் சூட்டுக்கும் இரும்பு விரியும் என்பார். வன்னி வெயிலில் மத்தியானம் எடுத்த அளவு பொய் சொல்லும். இது நானே பிறகு சோதித்துப் பார்த்த உண்மை.

இனிக் காருக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிற்பாட்டியிருந்த காலம். கொட்டில்களில் கோழி அடைகாத்த பழைய கார்கள் எல்லாம் திடீரென்று வெளியே வரத் தொடங்கின. அப்போதுதான் மல்லாவியில் இருந்து தவராசா அண்ணை லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஓர் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தார். கார் பிறகு வருமாம், எஞ்சினை முதலில் பாருங்கோ என்றார். நெல்லுச் செய்கிறவர், தண்ணீர்ப் பம்பு விற்கிற சிறிய கடையும் உண்டு. அவருடைய மாமா முன்னொரு காலத்தில் வவுனியாவில் ஒரு டொக்டருக்குச் சாரதியாக இருந்தவர். டொக்டர் நாட்டைவிட்டுப் போகும்போது தன் எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் விட்டுப்போனார். மாமாவிடம் இருந்து அது மருமகனுக்கு வந்தது.

தவராசா அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பொய்க்கால் போட்டு நடப்பார். வலது கால் நன்றாக இருந்ததால் பிரேக்குக்கும் அக்ஸிலேற்றருக்கும் குறைவில்லை. கிளச்தான் வில்லங்கம். பொய்க்காலுக்கு உணர்ச்சி இல்லை. எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியாமல் மிதிக்க வேண்டும். நாலு சந்தி கடந்து கியர் மாற்றி மாற்றி ஓட்டினால் கால் பொருந்துகிற இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசியும். கிளச்சைக் கைப்பிடியாக மாற்றிப் பார்க்கலாம் என்றால், கியர் போடுவதும் இடது கை, கிளச் பிடிப்பதும் இடது கை. அதற்கு இன்னொரு கை முளைக்க வேண்டும்.

கியரே மாற்றத் தேவையில்லாத யப்பான் எஞ்சின் ஒன்றைப் போடச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்களாம். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“அதைப் போட்டால் இது வேற கார், அன்ரன். எனக்கு வேற கார் வேண்டாம். இதை நான் ஓட்ட வேணும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிலுக்க விடுறன். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவும் மாட்டன்.”

அந்தக் கார் அவருக்கு என்னவென்று மல்லாவிப் பக்கத்து மூத்த ஆட்களுக்குத் தெரியும். சண்டை நடந்து வன்னிக்குள் பெட்ரோல் வராத காலத்தில் பழைய இங்கிலாந்துக் கார்களை எல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். புகையும் நாற்றமும் சொல்லி முடியாது. பெரிய மனிசர்களின் ஸ்போர்ட்ஸ் காராகப் பிறந்த அந்த எம்ஜி, சீற்றைச் சரித்துப் பாய் விரித்து, பிள்ளைப்பெறுவுக்காரிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கடைசி இடப்பெயர்வுக்கு முன்னர் தவராசா அண்ணை எஞ்சினைக் கழற்றி, பழைய ஒயிலால் நிரப்பி, யூரியாப் பைகளால் சுற்றி வாழைகளுக்கு நடுவே புதைத்துவிட்டுப் போனார். காரின் உடம்பைச் சண்டை முடிந்த பிறகு, சனம் விட்டுப்போன வாகனங்களின் குவியலுக்குள்ளே தேடிப் பிடித்தார்.

பாஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன குடித்தது? மண்ணெண்ணெய். எங்கே படுத்தது? மண்ணுக்குள். இடையில் யார் திறந்தார்கள்?

“ஒருத்தரும் இல்லை, பாஸ். நான்தான் வைச்சிருந்தனான். வேற ஒரு கை பட்டதில்லை.”

தேத்தண்ணி முடிந்ததும் பாஸ் தன் யோசனையைச் சொன்னார். கிளச்சைக் குறைவாக மிதிக்க வேண்டுமென்றால் எஞ்சினுக்கு இழுவை கூட வேண்டும். மூன்றாம் கியரில் விட்டால் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊரவும் வேண்டும், வெளி வீதியில் ஓடவும் வேண்டும். அதற்குச் சிலிண்டர் ஓட்டைகளைப் பெரிதாக்கி, மூன்று அங்குல பிஸ்டன் போட வேண்டும். இதே குடும்பத்து எஞ்சின் உள்ள கேம்பிரிட்ஜ் என்ற பெரிய இங்கிலாந்துக் காருக்கு அந்த அளவுப் பிஸ்டன் உண்டு, தேடினால் கிடைக்கும். ஆனால் இந்த எஞ்சின் எது, அதன் சுவரில் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. சுவர் மெலிந்துவிட்டால் தண்ணீர் ஓடுகிற பக்கம் உடைந்து திறக்கும். பிறகு அது எஞ்சின் இல்லை, தராசுப் படிக்கல்.

எஞ்சின் நம்பர் தகடு எப்போதோ போய்விட்டது. அந்தக் காலத்தில் வன்னியில் எந்தக் காரில் எந்தக் காரின் எஞ்சின் இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. ஆகவே இரும்பிடமே கேட்டோம். பக்கவாட்டில் மண்ணும் தாருமாக ஒட்டியிருந்ததைச் சுரண்டியபோது, வார்ப்பிலேயே எழும்பி நின்ற 1500 என்ற இலக்கம் வந்தது. அது கேம்பிரிட்ஜுக்கும் பொது, எம்ஜிக்கும் பொது. பாஸ் பின்பக்கம் போய்க் குனிந்தார். எஞ்சின் சுற்று காட்டும் மீற்றருக்குக் கம்பி போகிற துவாரம் இருந்தது. குடும்பக் கார்களுக்கு அந்த மீற்றர் கிடையாது, துவாரமும் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்தான். தவராசா அண்ணை கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு அந்தத் துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை ஓட்டைகளை அளந்தோம். கொம்பனியால் வந்த அளவு. நாலும் அப்படியே, தேய்வு பெயருக்குத்தான். நான் துள்ளிவிட்டேன். ஒருநாளும் வெட்டாத எஞ்சின், சுவர் முழுசாக இருக்கிறது, இன்றைக்கே மெஷினில் ஏற்றலாம் என்றேன். தவராசா அண்ணைக்கு முகமெல்லாம் பல். பாஸ் மட்டும் மைக்ரோமீற்றரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் தேத்தண்ணி கேட்டார்.

“மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சினுங்க,” என்றார். “சொவத்துல இருக்கிற எண்ணெயை எல்லாம் கழுவிவிட்டிருக்கும். நாலு ஓட்டையும் முட்டை மாதிரி தேஞ்சிருக்கணும். இது புதுசா இருக்கு. எனக்கு அதுதாங்க பிடிக்கல.”

எனக்கு ஏறவில்லை. நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாக்குகிற மனிசன் என்று மனதுக்குள் புறுபுறுத்தேன். அவர் எஞ்சின் தளத்தின் மேல்முகத்தைப் பளபளக்கத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டார். பிறகு ஈரம் இல்லாமல் துடைத்து, பள்ளிக்கூடச் சோக்கட்டியை அரைத்து மேலே தூவி, வெயிலில் வைத்தார். எங்கேயாவது வெடிப்போ பொருத்தோ இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் சூட்டுக்கு மேலே வந்து சோக்கை நனைக்கும். கொஞ்ச நேரத்தில் நாலு ஓட்டைகளைச் சுற்றியும் பென்சிலால் கீறியது மாதிரி நாலு வளையம் தெரிந்தது.

உள்ளே ஸ்லீவ் இருந்தது. தேய்ந்த ஓட்டையைப் பெரிதாக வெட்டி, மெல்லிய இரும்புக் குழாயை இறுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சொன்னபடி அன்றைக்கே கத்தி வைத்திருந்தால் அந்தக் குழாய் கடதாசி மாதிரி மெலிந்து கிழிந்து, எஞ்சினையும் தின்றிருக்கும்.

தவராசா அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவரும் தொடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று அவருடைய மனைவி சரோ அக்காவும் வந்திருந்தா. வாசலில் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவ, எழும்பி வந்து எஞ்சினைப் பார்த்தா. பிறகு புருஷனைப் பார்த்தா.

“நான்தான் குடுத்தனான்,” என்றா. “நீங்கள் காலோட ஆஸ்பத்திரியில கிடக்கேக்க காரும் படுத்திட்டுது. என்ர தம்பிதான் ஓட்டினவன். பிள்ளைப்பெறுவுக்காரியளை ஆர் ஏத்துறது? ஒரு மனிசன் லேத்தையும் சாமானையும் பெட்டியில ஏத்திக்கொண்டு சனத்தோட சனமா இடம்பெயர்ந்து வந்திருந்தார். மரத்துக்குக் கீழ, உழவு மெஷினில பெல்ட் மாட்டித்தான் மெஷினைச் சுத்தினவர். நல்லாச் செய்து தந்தவர்.”

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று தவராசா அண்ணை கேட்டார். காரில் வேறு ஆளைக் கைவைக்க விடவேண்டாம் என்று கட்டிலில் கிடந்தபடியே சத்தியம் வாங்கியிருந்தாராம்.

“கால் போன மனிசனோட எஞ்சினுக்காகச் சண்டை பிடிக்கிறதே எண்டு விட்டிட்டன்,” என்றா அவ.

தவராசா அண்ணை வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

ஸ்லீவை அடித்துக் கழற்றினால் சுவர் வெடிக்கலாம். பாஸ் என்னைக் கூப்பிட்டார். படகு வேலையில் பழகிய வெல்டிங் கை என்னுடையது. குழாயின் உட்புறத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு வெல்டிங் இழுக்கச் சொன்னார். ஆறும்போது குழாய் தன்னையே இறுக்கிச் சுருங்கும். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் நெருப்பு குழாயைத் தாண்டி எஞ்சின் சுவரில் பிடிக்கும். முதல் கோட்டை இழுத்து முடித்தபோது என் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. ஆறவிட்டோம். ஆறியதும் பாஸ் விரலால் சுண்டினார். கொப்பரை சிரட்டையை விட்டுக் கழன்ற மாதிரி ஸ்லீவ் ஆடியது. கையாலேயே தூக்கி எடுத்தேன். நாலும் அப்படியே வந்தன.

அந்த இரவு எஞ்சினையும் அளவுகோலையும் ஒன்றாக நிழலில் விட்டு, காலையில் அளந்தார் பாஸ். முதலாம் ஓட்டையை மேலே, நடுவே, கீழே. இரண்டாவதை, மூன்றாவதை, நாலாவதை. முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து அளந்தார். அவர் ஒருநாளும் இரண்டாம்தரம் அளந்து நான் கண்டதில்லை. பிறகு என்னிடம் மைக்ரோமீற்றரைத் தந்தார். நாலு ஓட்டையும் ஒரே அளவு. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இல்லை. மூன்று அங்குலத்துக்கு ஒரு மயிரளவு குறைவு, ஒரேயொரு கடைசி வெட்டுக்கு மட்டும் இடம் விட்ட குறைவு.

அந்த மனிசனுக்கு மூன்று அங்குல பிஸ்டன் அன்று கிடைத்திருக்காது. கிடைத்த குழாயைப் போட்டு அவசரத்தைத் தீர்த்திருக்கிறார். ஆனால் குழாயைப் போடுவதற்கு வெட்டும்போதே, பிறகொரு நாள் நல்ல காலம் வந்து யாராவது திறந்தால் அந்தப் பிஸ்டன் போடத் தோதாக வெட்டியிருக்கிறார். கரண்ட் இல்லை. நிலையான தரை இல்லை. உழவு மெஷினின் ஆட்டம் வேறு. அந்த நிலையில் இப்படியொரு வெட்டு எங்கள் கராஜில் கரண்ட் மெஷினில்கூட நான் வெட்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, பெருமையாகத்தான் இருக்கிறது.

சுப்பையா பாஸ் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. அன்று சரோ அக்காவிடம் போய் அந்த மனிசரின் பெயர் என்ன என்று கேட்டார். அவவுக்குத் தெரியவில்லை. எல்லோரும் ‘லேத்துக்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

“பேரு தெரியாட்டிப் பரவால்லீங்க,” என்றார் பாஸ். “அவரு பெருசாக்கி வச்ச எஞ்சின்தாங்க இது. நாம தொடச்சிக் குடுக்கிறோம், அவ்வளவுதான்.”

கடைசி வெட்டைப் பாஸே வெட்டினார், விடிந்த குளிரில். பிறகு தண்ணீர் ஓடுகிற வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, சைக்கிள் பம்பால் காற்று அடித்து, சிலிண்டர் சுவர்களில் சோக்குத்தூள் பூசிவிட்டுக் காத்திருந்தோம். சுவர் எங்கேயாவது மெலிந்திருந்தால் சோக்கு நனையும். மூன்றாவது சிலிண்டரில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தது. நான் இன்னும் கிட்டக் குனிந்தேன். தவராசா அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். பாஸ் என்னைத் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார். என் மூக்கு நுனியில் இருந்து விழுந்த வியர்வையாம். அதற்காக நான் பட்ட பகிடி இன்றைக்கும் ஓயவில்லை.

பிஸ்டன்கள் கொழும்பில் இருந்து வந்தன. வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற கேம்ஷாஃப்டைப் பற்றி மட்டும் எனக்கும் பாஸுக்கும் இழுபறி. எம்ஜியின் சொந்தக் கேம்ஷாஃப்ட் எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் பலம் காட்டும். பாஸ் அதை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மெதுவான ஓட்டத்திலேயே இழுக்கிற கேம்பிரிட்ஜ் கேம்ஷாஃப்டைப் போட்டார். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது அநியாயம் என்று நான் எரிந்து விழுந்தேன். இவர் பந்தயம் ஓடப் போகிறாரா, மல்லாவிக்குப் போகப் போகிறாரா என்று ஒரே கேள்வியில் என்னை அடக்கினார்.

காரின் உடம்பும் வந்து, எஞ்சினைப் பூட்டி, பூசிய பச்சை நிறம் காய்ந்த பிறகு ஒரு ஞாயிறு காலை. பூசை முடிந்து நான் நேரே கராஜுக்கு வந்தேன். தவராசா அண்ணை ஏறி இருந்தார். மற்றச் சீற்றில் சரோ அக்கா. மூன்றாம் கியருக்குப் போன பிறகு கிளச்சைத் தொடாமல் புளியங்குளம் வரை போய்த் திரும்பி வரச் சொன்னார் பாஸ். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தவராசா அண்ணை பொய்க்காலால் கிளச்சை மிதித்தார். கார் ஒரு குலுக்கல் குலுக்கி வீதிக்கு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது கியர் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரே சீரான சத்தம், போய் மறையும்வரை.

திரும்பி வரவேண்டிய நேரம் வந்தது, போனது. காரைக் காணவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாஸ் கவிழ்த்த பெட்டியில் இருந்தபடி உட்காருங்க என்றார். உட்கார்ந்தேன். அவரும் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலே வைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

வடக்கே இருந்து சத்தம் வந்தது. கார் வந்தது, எங்களைத் தாண்டி நிற்காமல் வவுனியாப் பக்கம் போனது. சரோ அக்கா மட்டும் கையைக் காட்டினா. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்து வந்தது, திரும்பவும் நிற்காமல் போனது. இப்படி எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் வேகத்தைக் குறைத்து, கராஜ் வாசலில் வந்து நின்றபோது தவராசா அண்ணையின் தலைமயிர் காற்றில் பின்பக்கமாகப் படிந்து, முகமெல்லாம் புழுதியாக இருந்தது. மாங்குளச் சந்திவரை போய்த் திரும்பினார்களாம்.

பாஸ் எழும்பிப் போய்க் கதவோரம் குனிந்தார்.

“கால் வலிக்குதுங்களா?”

தவராசா அண்ணை அவரை விளங்காத மாதிரிப் பார்த்தார்.

“எந்தக் காலைக் கேக்கிறியள், பாஸ்?”

கேட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. குனிந்து இடது காலைப் பார்த்தார். சரோ அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. எஞ்சினை நிற்பாட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.